நாலு கால் சொந்தம்: குட்டி வருவதற்கு முன்பே டாக்டரைத் தேடுங்கள்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 'அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு லேப்ரடார் குட்டி வரப்போகிறது. மகன் இப்போதே பெயர் வைத்துவிட்டான். கணவர் தட்டு, பெல்ட், படுக்கை என எல்லாம் வாங்கிவிட்டார். நல்ல டாக்டர் யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?'

குட்டி வருவதற்கு முன்பே இதைக் கேட்ட உங்களுக்கு முதலில் ஒரு சபாஷ். நம்மில் பலர் இந்தக் கேள்வியை ராத்திரி 11 மணிக்கு, நாய் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிறோம். 'யாராவது நல்ல டாக்டர் நம்பர் இருந்தா அனுப்புங்களேன், அவசரம்!' நானும் அப்படிக் கேட்டவள்தான். அதனால் இந்த வாரம் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

செவலையின் மூன்று நாள்கள்

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாய் இருந்தாள். தஞ்சாவூரில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது மணல் குவியலில் வந்து படுத்தவள், கிரகப்பிரவேசத்துக்குப் பிறகும் போகவில்லை. 7 வருஷம் எங்களோடு இருந்தாள். பெரிதாக நோய் நொடி எதுவும் வந்ததில்லை. எப்போதாவது உடம்புக்கு முடியாவிட்டால் ஒருவருக்கு போன் செய்வோம். பைக்கில் வந்து ஊசி போட்டுவிட்டு, கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார். அவர் என்ன படித்தவர் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோரும் 'டாக்டர்' என்றார்கள், நாங்களும் சொன்னோம்.

ஒரு புரட்டாசியில் செவலை சாப்பாட்டைக் குறைத்தாள். "ஏம்மா, இது ரெண்டு நாளா தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டே கெடக்கு, கவனிச்சியா?" என்று முதலில் சொன்னவர் என் மாமியார்தான். போன் செய்தோம். வந்தவர் வாசலில் நின்றபடியே பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா, சூடு. மோர் ஊத்துங்க" என்று ஊசி ஒன்றைப் போட்டார். மறுநாளும் அதே ஊசி. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். அதற்கும் ஒரு ஊசி.

நான்காம் நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் கிடைத்த ஒரு முகவரிக்கு ஆட்டோவில் தூக்கிப்போனோம். சின்ன கிளினிக். இளவயது டாக்டரம்மா. செவலையை மேஜையில் படுக்க வைத்து வயிற்றை மெதுவாக அழுத்திக்கொண்டே கேட்டார்: "இவ கடைசியா எப்போ ஹீட்டுக்கு வந்தா மேடம்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "ஆவணி ஆரம்பத்துல" என்று மாமியார்தான் சொன்னார். அந்த ஒரு பதிலிலேயே டாக்டருக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. கர்ப்பப்பையில் சீழ். பையோமெட்ரா என்பார்கள். கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களுக்கு, ஹீட் முடிந்த சில வாரங்களில் வரக்கூடியது. தண்ணீர் அதிகம் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, சாப்பாட்டை வெறுப்பது, சோர்ந்து படுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். சிலவற்றுக்குச் சீழ் வெளியே வடியும். வெளியே வராமல் உள்ளேயே தேங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். செவலைக்கு உள்ளேயே தேங்கிவிட்டது.

"உடனே ஸ்கேன் பண்ணி ஆபரேஷன் பண்ணணும். அந்த வசதி என்கிட்ட இல்ல. டிரிப் போட்டு விடுறேன், நேரா கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். போனோம். அங்கே செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மறுநாள் விடியற்காலையில் செவலை போய்விட்டாள்.

ஊசி போட்டவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அவரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தானே? வீட்டுக்கே வருவார், காத்திருக்க வேண்டாம், செலவு குறைவு. இந்த மூன்று காரணங்கள் போதும் என்று நினைத்தோம். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் கருப்பனைக் கொண்டுவருவதற்கு முன்னால் நான் மூன்று கிளினிக்குகளுக்கு வெறுங்கையோடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அப்போதும் அதற்குப் பிறகும் கற்றதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

பலகையைப் படியுங்கள்

நம் நாட்டில் கால்நடை மருத்துவராக பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.ஹெச். என்ற பட்டம் வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு. படித்து முடித்தால் மட்டும் போதாது, கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1984-ம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் இதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் மாநில கால்நடை மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. டாக்டரின் பதிவு எண் பெரும்பாலும் பெயர்ப்பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும். இல்லாவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள். பதிவு பெற்றவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிராமங்களில் கால்நடை ஆய்வாளர்கள் நிறைய உதவி செய்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளைச் செய்யத்தான் சட்டம் அவர்களுக்கு இடம் தருகிறது. நோய் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டியவர் டாக்டர். நாய் விற்கும் கடைக்காரர், குட்டி போட வைத்து விற்பவர், மருந்துக் கடையில் இருப்பவர் ஆகியோர் சொல்லும் வைத்தியமும் அப்படித்தான். அனுபவம் இருக்கலாம். அது நோயைக் கண்டுபிடிக்கும் படிப்பு ஆகாது.

இன்னொன்று. பலகையில் எம்.வி.எஸ்ஸி. என்று பார்த்ததுமே 'நாய் ஸ்பெஷலிஸ்ட்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த மேல்படிப்பு அறுவை சிகிச்சையிலும் இருக்கும், பொது மருத்துவத்திலும் இருக்கும், கோழி வளர்ப்பிலும் தீவனத்திலும்கூட இருக்கும். எதில் படித்தார் என்று தெரிந்துகொள்வது நல்லது. வெறும் பி.வி.எஸ்ஸி. முடித்து 15 வருஷமாக தினமும் நாய்களைப் பார்ப்பவர் கைராசிக்காரராகவும் இருப்பார், கெட்டிக்காரராகவும் இருப்பார்.

கையைக் கவனியுங்கள்

முதல் முறை போகும்போது டாக்டரின் பேச்சைவிட அவருடைய கைகளைக் கவனியுங்கள். நாய்க்கு வாய் பேசத் தெரியாது. தொடாமல் அதற்கு வைத்தியம் இல்லை.

நான் பார்த்த நல்ல டாக்டர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சோதிக்கிறார்கள். முதலில் எடை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், கண்ணால் பார்த்துக் 'குத்துமதிப்பா 20 கிலோ' என்பது சரியல்ல. பிறகு ஜுரம். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம்தான். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். 'சூடு' என்று செவலைக்குச் சொன்னவர் தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை இருக்கலாம். நம் ஊரில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். பிறகு காது, கண், கழுத்தில் நெறிகட்டி, நெஞ்சில் ஸ்டெத், வயிறு, தோல்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகாது. பழகிய கைக்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தில் கேள்விகளும் கேட்பார். என்ன சாப்பிடுகிறது, வெளியே விடுவீர்களா, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள், வேறு யாரிடமாவது காட்டினீர்களா, என்ன ஊசி போட்டார்கள். கேள்வி கேட்கிற டாக்டரைப் பார்த்து 'இவருக்கே தெரியலையா?' என்று நினைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. செவலைக்கு நோய் என்னவென்று காட்டிக்கொடுத்தது ஒரு கேள்விதான்.

கடைசியாக, எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். என்ன நோய் என்று சந்தேகிக்கிறார், என்ன ஊசி போட்டார், என்ன மாத்திரை என்பது சீட்டில் இருக்க வேண்டும். பெயர் சொல்லாத ஊசி வேண்டாம். ராத்திரி வேறு டாக்டரிடம் ஓட வேண்டியிருந்தால் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.

தடுப்பூசியில் தெரியும் தரம்

குட்டிக்கு முதலில் வருவது தடுப்பூசி. டாக்டரின் தரத்தைத் தெரிந்துகொள்ள அதுவே நல்ல சந்தர்ப்பம்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். கரன்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். மருந்துக் குப்பியை உங்கள் கண் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, காலாவதித் தேதியைக் காட்டி, ஊசி போட்ட பிறகு குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தருவதுதான் முறை. போட்டவுடன் விரட்டாமல், "20 நிமிஷம் இங்கயே உட்காருங்க, முகம் வீங்குதான்னு பார்த்துட்டுப் போகலாம்" என்று சொல்பவர் அனுபவசாலி.

லேப்ரடார் குட்டி வாங்கப்போகும் சகோதரிக்கு ஒரு எச்சரிக்கை. விற்பவர் 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று ஒரு அட்டையை நீட்டுவார். ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இல்லாவிட்டால் அதை நம்ப வேண்டாம். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளின் எமன்கள். அதற்கான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். 45 நாள் குட்டிக்கு 'எல்லா ஊசியும்' முடிந்திருக்கவே முடியாது. வெறிநோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். அதன் பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும். சென்னையில் மாநகராட்சி உரிமம் வாங்கவும் இந்தச் சான்று தேவைப்படும்.

ஐந்து கேள்விகள்

முதல் சந்திப்பிலேயே நான் கேட்கும் ஐந்து கேள்விகள் இவை. நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒன்று, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவசரம் என்றால் என்ன செய்வது? எல்லா டாக்டரும் 24 மணி நேரமும் எழுந்து வர முடியாது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் 'நான் இல்லாதப்போ இங்க போங்க' என்று ஓர் இடம் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டு, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே, ஸ்கேன் எங்கே எடுப்பீர்கள்? எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கே அனுப்புவார், முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்பது தெரிந்தால் போதும்.

மூன்று, ஆபரேஷனுக்கு முன்னால் என்ன சோதனைகள் செய்வீர்கள்? மயக்கத்தில் இருக்கும்போது யார் கூட இருந்து கவனிப்பார்கள்? இது முக்கியமான கேள்வி. பக் போல மூக்கு சப்பையான நாய்களுக்கு மயக்க மருந்தின்போது மூச்சுச் சிக்கல் வரலாம். உடம்பில் கொழுப்பே இல்லாத ஒல்லி வேட்டை இனங்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரம் ஆகும். சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்ப்பவர்கள் இதை டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நான்கு, செலவு எவ்வளவு ஆகும்? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். 'இது கட்டாயம் செய்யணும், இது கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று பிரித்துச் சொல்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். நம் கையிருப்பைச் சொன்னால், அதற்குள் என்ன செய்யலாம் என்று யோசிக்கவும் அவருக்கு வசதியாக இருக்கும்.

ஐந்து, உங்களால் முடியாத கேஸ் வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? 'என்கிட்ட முடியாதது எதுவும் இல்ல' என்று பதில் வந்தால், நான் எழுந்து வந்துவிடுவேன்.

அரசு ஆஸ்பத்திரியை மறக்க வேண்டாம்

ஏ.சி. போட்ட கிளினிக்தான் நல்ல கிளினிக் என்று இல்லை. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு இன்றும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நாய்கள் வருகின்றன. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. துறை துறையாக டாக்டர்கள், மாணவர்கள், சோதனைக் கூடம் என்று ஒரே இடத்தில் கிடைப்பது கல்லூரிகளில்தான். கட்டணமும் குறைவு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். நாய்க்குக் குடிக்கத் தண்ணீரும், நமக்குக் கொஞ்சம் பொறுமையும் எடுத்துப் போக வேண்டும்.

ஊர்களில் இருக்கும் கால்நடை மருந்தகங்களில் பகல் பாதி மாட்டுக்கும் ஆட்டுக்கும் போய்விடும். அதனால் அங்கிருக்கும் டாக்டருக்கு நாயைப் பற்றித் தெரியாது என்று நினைக்கக் கூடாது. வெறிநோய் ஊசிக்கும், ஆரம்ப சிகிச்சைக்கும், எங்கே போவது என்ற ஆலோசனைக்கும் அவர்தான் பக்கத்தில் இருப்பவர். ஒருநாள் காலையில் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

நம் பங்கும் இருக்கிறது

நல்ல டாக்டர் கிடைத்தால் மட்டும் போதாது. அவர் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். செவலை விஷயத்தில் மாமியார் இல்லாவிட்டால் அந்த ஒரு பதிலும் கிடைத்திருக்காது. அதனால் இப்போது எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரிலேயே எல்லாம் எழுதுகிறோம். ஊசி, பூச்சி மருந்து, எடை, வாந்தி எடுத்த நாள் எல்லாம் தேதி வாரியாக இருக்கும். பெண் நாய் வைத்திருப்பவர்கள் ஹீட் தேதியைக் கட்டாயம் குறியுங்கள். குட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், கருத்தடை ஆபரேஷனை எந்த வயதில் செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். கர்ப்பப்பையே இல்லாவிட்டால் அதில் சீழ் பிடிக்காது.

இருமல், வலிப்பு, நொண்டல் எல்லாம் கிளினிக் வாசலில் மாயமாக மறைந்துவிடும். வீட்டில் நடக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பெல்ட், தேவைப்பட்டால் வாய்க்கூடு. கடிக்காத நாய்கூட வலியில் கடிக்கும்.

நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மனிதர்கள் வலிக்குப் போட்டுக்கொள்ளும் இபுப்ரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலும் டாக்டர் சொல்லாமல் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால், ஒரு பாரசிட்டமால் மாத்திரையே அதன் உயிரை எடுத்துவிடும்.

டாக்டரின் செல்போன் எண் கிடைத்துவிட்டது என்பதற்காக, தும்மியதற்கெல்லாம் மெசேஜ் அனுப்பாதீர்கள். அவசரத்தில் அவர் போனை எடுக்க வேண்டுமென்றால், அவசரமில்லாதபோது நாம் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

டாக்டரை மாற்றலாமா?

மாற்றலாம். இரண்டு, மூன்று நாள் மருந்து கொடுத்தும் நாய் மோசமாகிக்கொண்டே போகும்போது அதே ஊசி தொடர்ந்தால், இன்னொரு டாக்டரைக் கேட்பதில் தப்பே இல்லை. சொல்லிவிட்டே போகலாம். நல்ல டாக்டர் தன் குறிப்புகளையும் ரிப்போர்ட்டையும் தானே எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டு, சாயங்காலமே வேறு டாக்டர், மறுநாள் மூன்றாவது டாக்டர் என்று ஓடினால் யாருக்கும் நோய் பிடிபடாது. நடுவில் நாய்க்குத்தான் மூன்று விதமான மருந்தும் போகும்.

கடைசி நாளுக்கும் ஒரு டாக்டர்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் ஜிம்மி என்று ஒரு லேப்ரடார். 13 வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தினமும் ஆட்டோவில் தூக்கிப்போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வருவார். செவலையைப் பார்த்த அதே டாக்டரம்மாதான். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் வழக்கம்போல டிரிப் பாட்டிலை எடுக்கவில்லை. ஜிம்மியின் தலையைத் தடவிக்கொண்டே, "சார், இனிமே நான் ஊசி போட்டா அது உங்களுக்காகத்தான். ஜிம்மிக்காக இல்ல" என்றார்.

ஆசிரியர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னா சரிம்மா" என்றார். ஜிம்மி அவர் மடியில் தலை வைத்திருந்தபடியே வலியில்லாமல் போனான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், "வேற டாக்டரக் கேட்கணும்னு தோணலையா சார்?" அவர் சொன்னார்: "இல்லம்மா. இத்தனை வருஷத்துல எத்தனையோ தடவை நான் பயந்து போய் ஊசி போடச் சொல்லியிருக்கேன். 'வேண்டாம் சார், தானா சரியாயிடும்'னு காசு வாங்காம திருப்பி அனுப்பினவங்க அவங்க. அன்னிக்கு வேண்டாம்னு சொன்னத நம்பினேன். இன்னிக்கு போதும்னு சொல்றதையும் நம்பணும்ல?"

திருச்சி சகோதரி, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். நாய் நம்மோடு இருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷம். முதல் ஊசி போடுபவரே பெரும்பாலும் கடைசி நாளிலும் பக்கத்தில் இருப்பார். அவர் 'போதும்' என்று சொன்னால் உங்களால் நம்ப முடியுமா என்று பாருங்கள். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வராது. அதனால்தான் குட்டி வருவதற்கு முன்பே தேடச் சொல்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளினிக்குகளின் நேரத்தையும் எண்ணையும், ராத்திரியில் திறந்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்தத் தாள் நாலு வருஷமாக இருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. கருப்பன் அதை ஒருமுறை கிழித்தும்விட்டான். மாமியார் செல்லோ டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

குட்டிக்கு மகன் என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: மழைக்காலமும் உண்ணியும் - வீட்டையும் நாயையும் எப்படிக் காப்பாற்றுவது?